ஒரே கால்வாய், இரண்டு கவுன்சில்கள்: ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கின் கதை

2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஸ்ட்ரௌட் என்ற சிறிய ஊருக்கு ஒரு கெட்ட செய்தி வந்தது. தூர்ந்துபோன பழைய கால்வாயை மீட்கும் வேலைக்குத் தலைமை ஏற்றிருந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனம், தன்னால் இனித் தொடர முடியாது என்று விலகிக்கொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 அக்டோபரில், வேல்ஸில் மன்மத்ஷயர்–பிரெக்கன் கால்வாயின் கரை உடைந்திருந்தது. அதைச் சரிசெய்யப் பெரிய செலவு வந்து விழுந்தது. கையில் இருக்கும் கால்வாய்களைக் காப்பாற்றவே பணம் போதாதபோது செத்துப்போன ஒரு கால்வாய்க்கு எப்படிச் செலவழிப்பது? நிறுவனத்தின் கணக்கில் அது நியாயமாகவே பட்டிருக்கும்.

ஆனால் ஸ்ட்ரௌடில் இருந்தவர்களுக்கு அது இடி. தேசிய லாட்டரியின் மரபு நிதியத்திடம் போராடி, 2006-இல்தான் 1 கோடியே 19 லட்சம் பவுண்டு வாங்கியிருந்தார்கள். பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும். 1972-இலிருந்து மண்வெட்டியோடு சேற்றில் இறங்கி வேலை செய்துவந்த தன்னார்வலர்களின் முப்பத்தாறு வருட உழைப்பும் அதோடு சேர்ந்து போய்விடும்.

அப்போது முன்வந்தது ஸ்ட்ரௌட் மாவட்டக் கவுன்சில். இதை நாம் நினைக்கும் மாவட்ட நிர்வாகம் மாதிரி எண்ணிக்கொள்ளக் கூடாது. மொத்த மக்கள்தொகையே சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி கொடுப்பது, தனக்குச் சொந்தமான வாடகை வீடுகளைப் பராமரிப்பது இதெல்லாம்தான் அதன் அன்றாட வேலை. பெரிய சாலைகளும் பள்ளிகளும், பல மாவட்டங்கள் சேர்ந்த, மேலே இருக்கும் க்ளாஸ்டர்ஷயர் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. கால்வாய் கட்டிய அனுபவமோ படகு ஓட்டிய அனுபவமோ இல்லாத அப்படிப்பட்ட ஓர் அமைப்பு, நாட்டின் நீர்வழி நிறுவனமே கைவிட்ட வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அந்த முடிவுக்குப் பின்னால் என்ன இருந்தது, அது எதைச் சாதித்தது, எங்கே தடுமாறியது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இதே கால்வாயின் மேல்பகுதியை, நூறு வருடத்துக்கு முன்னால் வேறொரு கவுன்சில் ஏற்கெனவே ஒருமுறை மீட்டிருந்தது. மீட்டு, திறந்து, சில வருடங்களிலேயே இழந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும்.

தண்ணீரை விட்டுக்கொடுக்காத ஆலைகள்

காட்ஸ்வோல்ட் குன்றுகளின் மேற்கு விளிம்பில் ஐந்து பள்ளத்தாக்குகள் வந்து சேரும் இடம் ஸ்ட்ரௌட். சரிவில் வேகமாக இறங்கும் ஓடைகள், குன்றின் மேல் ஆட்டுமந்தைகள், கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஒருவகைக் களிமண் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்ததால் கம்பளித் துணி நெசவு இங்கே பெருகியது. ஃப்ரூம் ஆற்றிலும் அதில் சேரும் ஓடைகளிலும் அடிக்கு அடி தடுப்பணை, ஆலைக்குளம், நீர்ச்சக்கரம். சிப்பாய்களின் சிவப்புச் சட்டைக்கான துணிக்கு ஸ்ட்ரௌட் பேர்போனது; ‘ஸ்ட்ரௌட்வாட்டர் சிவப்பு’ என்றே அந்த நிறத்தைச் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பெரிய வாடிக்கையாளர். கம்பெனி ஏற்றுமதி செய்த கம்பளித் துணியில் கணிசமான பங்கு இந்தக் கவுண்டியின் தறிகளிலிருந்து போனது.

ஆலைகளுக்கு நிலக்கரி வேண்டும். செவர்ன் ஆறு சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. ஆற்றிலிருந்து ஊர்வரை ஒரு கால்வாய் வெட்டினால் முடிந்தது. 1730-லேயே நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் ஆலைக்காரர்கள் விடவில்லை. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு நீர்த்தொட்டி. படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் ஒவ்வொரு முறையும் தொட்டி நிறையத் தண்ணீர் கீழே போகும். அந்தத் தண்ணீர் தங்கள் சக்கரத்துக்கு வரவேண்டியது என்பது அவர்கள் வாதம்.

அதற்கு 1759-இல் வந்த மாற்று யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஜான் கெம்மெட் என்பவரும் கூட்டாளிகளும், லாக்கே இல்லாமல் கால்வாய் நடத்துகிறோம் என்றார்கள். சரக்கைப் பெட்டிகளில் வைப்பது. ஒவ்வொரு தடுப்பணையிலும் கிரேன் நிறுத்தி, கீழே இருக்கும் படகிலிருந்து மேலே இருக்கும் படகுக்குப் பெட்டியைத் தூக்கி மாற்றுவது. ஆலைக்காரரின் தண்ணீரில் ஒரு சொட்டுக் குறையாது. கண்டெய்னர் கப்பல்களுக்கு இருநூறு வருடம் முந்திய யோசனை! ஆனால் ஒவ்வொரு அணையிலும் ஏற்றி இறக்கும் செலவும் நேரமும் கட்டுப்படியாகவில்லை. சில மைல் வேலை நடந்ததும் கைவிட்டார்கள்.

கடைசியில் 1775-இல் வேலை தொடங்கி, வழக்கில் மாட்டி, 1776-இல் புதுச் சட்டம் வாங்கி, 1779 ஜூலையில் ஸ்ட்ரௌட்வாட்டர் கால்வாய் திறந்தது. செவர்ன் ஓரத்து ஃப்ராமிலோடிலிருந்து ஸ்ட்ரௌட் ஊரின் வால்பிரிட்ஜ்வரை 8 மைல், 13 லாக்குகள். அதோடு நிற்கவில்லை. 1789-இல் தேம்ஸ்–செவர்ன் கால்வாய் வால்பிரிட்ஜிலிருந்து குன்றைத் தாண்டி லெச்லேடுக்குப் பக்கத்தில் தேம்ஸ் ஆற்றைத் தொட்டது. குன்றைக் குடைந்த சாப்பர்டன் சுரங்கம் 3,817 கெஜம், அதாவது சுமார் மூன்றரை கிலோமீட்டர். அன்றைக்கு இங்கிலாந்தின் மிக நீளமான கால்வாய்ச் சுரங்கம் அதுதான். கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1788-இல், அரசர் மூன்றாம் ஜார்ஜ் வந்து பார்த்துவிட்டுப் போனார். உள்ளே குதிரை நடக்கப் பாதை கிடையாது. படகில் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரில் காலை உதைத்து உதைத்து ஆட்கள் படகை நகர்த்தினார்கள்.

செவர்ன் பக்கத்துப் படகுகள் அகலமானவை, தேம்ஸ் பக்கத்துப் படகுகள் நீளமானவை. இரண்டும் சந்தித்துச் சரக்கு மாற்றிக்கொள்ள பிரிம்ஸ்கம் என்ற இடத்தில் ஒரு துறைமுகம் கட்டினார்கள். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே, ஒரு பள்ளத்தாக்கின் நடுவில், கிடங்கும் எடைமேடையும் வைத்த துறைமுகம். நூறு படகுகள்வரை நிற்கும் என்பார்கள். அதற்குச் சற்றுக் கீழே துரப் என்ற ஊரில், கால்வாய்க்கரை இரும்புப் பட்டறை ஒன்றோடு சேர்ந்து வேலை செய்த எட்வின் பட்டிங், துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி புல்லையும் வெட்டினால் என்ன என்று யோசித்தார். 1830-இல் அவர் காப்புரிமை வாங்கியதுதான் உலகின் முதல் புல்வெட்டி இயந்திரம். கால்வாயையும் ஆலையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஒன்றின் நிலக்கரியில் மற்றது ஓடியது. ஒன்றின் இரும்பு மற்றதன் கரையில் வார்க்கப்பட்டது.

1901: முதல் முயற்சி

1845-இல் ஸ்விண்டனிலிருந்து ஸ்ட்ரௌட் வழியாக க்ளாஸ்டருக்கு ரயில் வந்தது. கால்வாய்க்கு அத்தோடு இறங்குமுகம். தேம்ஸ்–செவர்னுக்கு இன்னொரு நோயும் பிறவியிலிருந்தே இருந்தது. குன்றின் உச்சியில் அது ஓடும் நிலம் சுண்ணாம்புப் பாறை. களிமண் பூச்சு எங்கே விரிசல் விட்டாலும் தண்ணீர் அப்படியே பாறைக்குள் போய்விடும். தேம்ஸ் ஊற்றுக்குப் பக்கத்தில் நீராவி இயந்திரம் வைத்து இறைத்தும் போதவில்லை. 1882-இல் கால்வாயின் பெரும்பான்மைப் பங்குகளை கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே வாங்கியது. தனக்குப் போட்டியாக யாரும் அந்தத் தடத்தில் தண்டவாளம் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை. 1893-இல் கிழக்குப் பகுதியை மூடிவிட்டது.

உள்ளூர் கவுன்சில்களும் பக்கத்துக் கால்வாய் நிறுவனங்களும் சேர்ந்து 1895-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். அதுவும் பணம் போதாமல் திணறியது. 1901-இல் க்ளாஸ்டர்ஷயர் கவுண்டி கவுன்சிலே கால்வாயைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. களிமண் கொண்டுவந்து உச்சிப்பகுதியைப் பூசி, லாக்குகளைச் செப்பனிட்டு, 1904-இல் மறுபடி திறந்தது. அன்றைய இங்கிலாந்தில், ஒரு உள்ளாட்சி அமைப்பு மக்கள் வரிப்பணத்தில் மூடிய கால்வாயை மீட்டது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் கவுன்சிலர்களுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் படகுகள் வரவில்லை. சரக்கு எல்லாம் ரயிலுக்குப் போய்விட்டிருந்தது. தண்ணீர் மறுபடி கசிந்தது. 1911-க்குப் பிறகு உச்சியைத் தாண்டி எந்தப் படகும் போனதாகப் பதிவில்லை. 1927-இல் கிழக்குப் பகுதியையும், 1933-இல் மிச்சத்தில் பெரும்பகுதியையும் சட்டப்படி கைவிட்டார்கள்.

அந்த முயற்சி ஏன் தோற்றது? கசிவு ஒரு காரணம்தான். அந்தக் கவுன்சிலுக்குக் கால்வாயை அளக்க ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது: எத்தனை டன் சரக்கு, எவ்வளவு சுங்கம். அந்த அளவுகோலில் கால்வாய் ஒருநாளும் தேறியிருக்காது. கரையோரம் நடக்கிறவர்கள், பழைய ஆலைக்கட்டடங்கள், வெள்ளநீர் வடிவது, நீர்க்கோழியும் தும்பியும் வாழ்வது என்று இன்று கணக்கில் வரும் எதுவும் அன்றைய பேரேட்டில் இல்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. அன்றைக்குக் கால்வாய் என்பது ஒரு சாலை, அவ்வளவுதான்.

கலைக்கப்படாத கம்பெனி

கீழ்ப்பகுதியான ஸ்ட்ரௌட்வாட்டர் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. கடைசியாகச் சுங்கம் கட்டிய படகு போனது 1941-இல். 1954-இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு அதையும் போக்குவரத்துக்கு மூடினார்கள். ஆனால் அதைக் கட்டிய கம்பெனி கலைந்துபோகவில்லை. நிலம் அதன் பெயரிலேயே இருந்தது. தண்ணீர் விற்றும், இடத்தை வாடகைக்கு விட்டும் காலத்தை ஓட்டியது. 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மீட்பு வேலை செய்தவர்களுக்கு இது உயிர்நாடி. தேம்ஸ்–செவர்னின் கிழக்குப் பகுதி கைவிடப்பட்ட பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஒருவர் வயலோடு சேர்த்துக்கொண்டார், ஒருவர் தோட்டமாக்கினார். இன்றைக்கு அந்த 20-சொச்சம் மைல்களைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் எத்தனை வாசல் படியேற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்ட்ரௌட்வாட்டரின் பெரும்பகுதிக்கோ ஒரே உரிமையாளர். பேச வேண்டியது ஒருவரிடம். பிற்பாடு அந்தக் கம்பெனி நீண்டகாலக் குத்தகைக்குக் கால்வாயைக் கொடுத்ததால்தான் லாட்டரிப் பணமே கேட்க முடிந்தது.

1972-இல் ஸ்ட்ரௌட்வாட்டர் கால்வாய்ச் சங்கம் தொடங்கியது. இன்று அதன் பெயர் காட்ஸ்வோல்ட் கனால்ஸ் டிரஸ்ட். அன்று கால்வாயின் தடத்தில் பாதி புதர், பாதி குப்பை. 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் எம்5 மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலை வந்தபோது, அதுவும் ஏ38 சாலையுமாகச் சேர்ந்து சுமார் ஒரு மைல் கால்வாயை அடையாளம் தெரியாமல் அழித்துவிட்டன. அந்த இடத்துக்கு ‘காணாமல்போன மைல்’ என்றே பெயர். பிரிம்ஸ்கம் துறைமுகத்தை 1960-களில் மண் போட்டு மூடி, மேலே தொழிற்பேட்டை கட்டியிருந்தார்கள். ஸ்ட்ரௌட் ஊருக்குள் கேப்பல்ஸ் மில் என்ற இடத்தில் கால்வாய்த் தடத்தின் மேலேயே புறவழிச் சாலை போட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஊரின் பழைய குப்பைமேடு.

காகிதத்தில் செய்த வேலை

சரி, மாவட்டக் கவுன்சில் எப்போது உள்ளே வந்தது? 2008-இல் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கில் அதற்கு இருபது வருடம் முன்பே வந்துவிட்டது.

1967-இல் வந்த ஒரு சட்டம், சிறப்பான கட்டடக்கலை அல்லது வரலாறு உள்ள பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் பொறுப்பை உள்ளூர் கவுன்சில்களிடம் கொடுத்தது. பெரும்பாலான ஊர்களில் அது தேவாலயத்தைச் சுற்றிய நாலு தெரு, பழைய சந்தைத் திடல் என்றுதான் இருக்கும். ஸ்ட்ரௌட் கவுன்சில் 1980-களில் வேறு மாதிரி யோசித்தது. கால்வாய், ஆறு, அதன் கரையில் இருக்கும் ஆலைகள், தொழிலாளர் வீடுகள், பாலங்கள், ரயில் பாதை எல்லாவற்றையும் சேர்த்து, பள்ளத்தாக்குகளின் அடிமடியில் பல மைல் நீளத்துக்கு நீண்டுகிடக்கும் ஒரே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. தொழில் மரபுப் பாதுகாப்புப் பகுதி என்பது அதன் பெயர். நாட்டிலேயே மிக நீளமான பாதுகாப்புப் பகுதிகளில் அது ஒன்று.

இதன் பலன் உடனே கண்ணுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் கால்வாய்த் தடத்தின் குறுக்கே கிடங்கு கட்ட விண்ணப்பிப்பார், அனுமதி கிடைக்காது. யாரோ பழைய ஆலையின் புகைக்கூண்டை இடிக்கப் பார்ப்பார், கேள்வி வரும். தாழ்வான பாலம் போட வருவார்கள். படகு போகும் உயரம் விட்டுக் கட்டச் சொல்வார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் ‘கூடாது’ என்று சொல்லிச் சொல்லியே தடத்தைக் காப்பாற்றினார்கள். மண்வெட்டி பிடித்தவர்களின் படங்கள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. விண்ணப்பக் கோப்பில் சிவப்பு மையால் குறிப்பெழுதிய அதிகாரியை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்புகள் இல்லாமல் மீட்பதற்கு ஒரு கால்வாயே மிச்சம் இருந்திருக்காது.

கவுன்சில் இன்னொன்றும் செய்தது. எப்லி மில் என்பது கால்வாய் ஓரத்து மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. மார்லிங் குடும்பத்தின் கையில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1860-களில், ஜி. எஃப். போட்லி என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு பிரெஞ்சு மாளிகை மாதிரி கோபுரம் வைத்து அதை விரிவாக்கினார்கள். நெசவு நின்ற பிறகு அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கவுன்சிலே அதை வாங்கிச் செப்பனிட்டு, 1990 வாக்கில் தன் தலைமை அலுவலகத்தை அங்கே மாற்றிக்கொண்டது. பிறருக்குப் ‘பழைய ஆலையை இடிக்காதே, உள்ளே புது வேலை வை’ என்று சொல்லும் உரிமை, தானே ஒரு ஆலையில் குடியிருப்பவருக்குத்தான் உண்டு. தினமும் ஜன்னலுக்கு வெளியே தூர்ந்த கால்வாயைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர்கள்தான் 2008-இல் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை.

எல்லா ஆலைக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கிங்ஸ் ஸ்டான்லியில் இருக்கும் ஸ்டான்லி மில் 1813-இல் தீப்பிடிக்காத கட்டடமாக எழுந்தது. மரத்தைத் தவிர்த்து, வார்ப்பிரும்புத் தூண்களாலும் வளைவுகளாலும் கட்டினார்கள். உள்ளே நின்று பார்த்தால் இரும்பால் ஆன தேவாலயம் மாதிரி இருக்கும். மிக உயர்ந்த முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தும், அதற்கு நிலையான புதுப் பயன்பாடு கிடைப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது! பட்டியலில் பெயர் சேர்ப்பது இடிபடாமல் காக்கும், ஒழுகாமல் காக்காது. நெய்ல்ஸ்வர்த்துக்குப் பக்கத்தில் டன்கர்க் மில் அடுக்குமாடி வீடுகளாக மாறியது. அங்கேயே ஒரு மூலையில் உள்ளூர் நெசவு அறக்கட்டளை ஒன்று நீர்ச்சக்கரத்தோடு சிறிய அருங்காட்சியகம் நடத்துகிறது. வீடுகளால் கூரை தப்பியது, மூலை அறையால் நினைவு தப்பியது. முழுத் திருப்தி இல்லாவிட்டாலும் இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

குப்பைமேட்டைக் குடைந்து

2008-இல் கவுன்சில் பொறுப்பேற்ற பகுதி, ஸ்டோன்ஹவுஸிலிருந்து பிரிம்ஸ்கம் துறைமுகம்வரை சுமார் 6 மைல். அதே ஆண்டு தொழில் மரபுப் பகுதிக்கு விரிவான ஆய்வறிக்கையும், மேலாண்மைத் திட்டமும், புதிதாகக் கட்டுகிறவர்களுக்கான வடிவமைப்புக் கையேடும் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு, மீட்ட கால்வாயை வைத்துப் பராமரிக்க ஸ்ட்ரௌட் வேலீஸ் கனால் கம்பெனி என்று தனி நிறுவனம் அமைந்தது. அந்த வருடங்கள் உலகப் பொருளாதாரம் நொறுங்கிய வருடங்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். நிதி கொடுத்த வட்டார வளர்ச்சி நிறுவனத்தையே அரசு 2012-இல் மூடிவிட்டது.

மிகக் கடினமான இடம் கேப்பல்ஸ் மில். பழைய தடம் சாலைக்கு அடியில் போய்விட்டது. ஒரு பக்கம் சாலைக்கரை, இன்னொரு பக்கம் ஆறு, மேலே ரயில் மேம்பாலம், கீழே பல பத்தாண்டுக் குப்பை. மேம்பாலத்தின் ஒரு வளைவுக்கு அடியில் கால்வாய்க்குப் புது வழி வெட்டுவது என்று முடிவானது. குப்பைமேட்டைத் தோண்டினால் என்னென்ன வரும் என்பது தோண்டினால்தான் தெரியும். நச்சு மண்ணைக் கவனமாக அகற்ற வேண்டும், ரயில் பாலத்தின் அடித்தளம் அசையக் கூடாது, அழுக்கு ஆற்றில் கலக்கக் கூடாது. மொத்த நீளம் கொஞ்சம்தான். செலவும் கவலையும் மைல்கணக்கில். 2010-களின் தொடக்கத்தில் வேலை முடிந்து அங்கே தண்ணீர் ஏறியது. இன்று கரைப்பாதையில் நடந்து போகிறவருக்குக் காலடியில் ஊரின் பழைய குப்பை இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

இந்த மாதிரி வேலையைத் தன்னார்வலர்கள் செய்ய முடியாது. ஒப்பந்தக்காரர், பொறியாளர், காப்பீடு, ரயில்வே அனுமதி, சுற்றுச்சூழல் துறை அனுமதி எல்லாம் வேண்டும். பணம் மீறிப்போனால் தாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவராகக் கவுன்சில் நின்றது. மறுபுறம், லாக்குகளைச் செங்கல் செங்கலாக எடுத்துக் கட்டும் வேலையில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. பிரிம்ஸ்கம்முக்குக் கீழே காஃப்ஸ் ஆர்ச்சர்ட் லாக்கை, நாடு முழுவதிலுமிருந்து விடுமுறைக்கு வந்து முகாம் போட்டு வேலை செய்யும் வாட்டர்வே ரிக்கவரி குரூப் மீட்டுக் கொடுத்தது. ஈஸ்டிங்டன் பக்கத்து லாக்குகளில் டிரஸ்டின் ஆட்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர், ஆசிரியை, ஓட்டுநர் என்று எல்லோரும் சேர்ந்து சுண்ணாம்புச் சாந்து குழைத்தார்கள். கூலி கொடுத்து வாங்கியிருந்தால் கவுன்சில் திவாலாகியிருக்கும். தன்னார்வலர்கள் மட்டும் என்றால் கேப்பல்ஸ் மில்லைத் தாண்டியிருக்கவே முடியாது. இந்த இரண்டு கைகளும் சேர்ந்ததுதான் 1901-க்கும் 2008-க்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

அப்புறம் பிரிம்ஸ்கம். இங்கேதான் கவுன்சிலின் மேல் எனக்கு வருத்தம். கால்வாயின் அந்த முனையில் துறைமுகக் குளத்தை மறுபடி தோண்டி, சுற்றிலும் வீடுகள் கட்டி, வீடு விற்ற பணத்தில் குளத்தை மீட்பது திட்டம். இடம் கவுன்சில் கைக்கே வந்தது. ஆனால் வெள்ள அபாயம், மாசுபட்ட மண், கட்டுமான நிறுவனங்களின் லாபக் கணக்கு எல்லாம் சேர்ந்து வருடங்களை விழுங்கின. நிலத்தின் விலை ஏறும், அந்த ஏற்றத்தில் மரபு வேலைக்குப் பணம் வரும் என்ற கணக்கு இங்கிலாந்து முழுக்க எல்லாக் கவுன்சிலும் போடும் கணக்கு. அது பலிக்கும்போது அழகாகப் பலிக்கும். பலிக்காதபோது வேலியும் காலி மனையும்தான் மிஞ்சும். மீட்பு வேலையின் உச்சமாக இருந்திருக்க வேண்டிய இடம் அது.

தனித்து நிற்கும் தண்ணீர்

முதல் கட்டம் முடிந்தபோது கண்ணெதிரே ஒரு குறை நின்றது. ஆறு மைல் கால்வாய் இருக்கிறது. ஆனால் அது எதனோடும் சேரவில்லை. வெளியிலிருந்து படகு வர வழியில்லை. படகு அடிக்கடி போனால்தான் கால்வாய் பாசி பிடிக்காமல் இருக்கும். போகாத இடத்தில் கோடையில் பச்சைப் போர்வை மூடிவிடும். அதை எடுக்கவும் ஆள் வேண்டும். நாட்டின் கால்வாய் வலைப்பின்னலோடு இணைய வேண்டுமென்றால் மேற்கே சால் சந்திப்புவரை இன்னும் 4 மைல் போயாக வேண்டும். அங்கே 1827-இல் திறந்த க்ளாஸ்டர்–ஷார்ப்னெஸ் கால்வாய், ஸ்ட்ரௌட்வாட்டரை நாற்சந்தி மாதிரி ஒரே மட்டத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. அந்த நாலு மைலுக்குள்தான் மோட்டார்வே, ஏ38, ரயில் பாதை, காணாமல்போன மைல் எல்லாம் இருக்கின்றன.

2020 அக்டோபரில் லாட்டரி மரபு நிதியம் இந்த இரண்டாவது பகுதிக்குக் கிட்டத்தட்ட 90 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. இம்முறை கவுண்டி கவுன்சிலும் பணத்தோடு சேர்ந்து நின்றது. நூறு வருடத்துக்கு முன் தனியாகத் தோற்ற அதே கவுன்சில்! சாலைகள் அதன் பொறுப்பு என்பதால் அது இல்லாமல் ஏ38-ஐத் தாண்ட முடியாது. அந்தச் சாலையின் ரவுண்டானாவுக்கு அடியில் கால்வாய்க்கு வழி செய்தார்கள். வண்டி ஓட்டுகிறவர் தன் காலுக்குக் கீழே படகு போகும் என்பதை உணராமலே சுற்றிக்கொண்டு போவார். மோட்டார்வேயைத் தாண்ட, ஏற்கெனவே ஃப்ரூம் ஆறு போகும் பாலத்துக்கு அடியிலேயே கால்வாயையும் கொண்டுபோவதுதான் வழி. வனவிலங்கு அறக்கட்டளையும் கூட்டாளி என்பதால் வெட்டும் மைலோடு சேர்த்து சதுப்பும் புல்வெளியும் உருவாக்குவது திட்டத்தின் பகுதி.

ரயில் பாதையைத் தாண்டியது 2021 கிறிஸ்துமஸ் விடுமுறையில். ஸ்டோன்ஹவுஸில் ‘தி ஓஷன்’ என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் அகலமான நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் பிரிஸ்டல்–க்ளாஸ்டர் ரயில் பாதை கால்வாயைக் கடக்கிறது. பழைய பாலத்தை எப்போதோ எடுத்துவிட்டு, மண்கரைக்கு அடியில் தண்ணீர் போக மட்டும் குழாய் விட்டிருந்தார்கள். ரயில் ஓடாத அந்தச் சில நாட்களுக்குள் தண்டவாளத்தை எடுத்து, கரையைத் தோண்டி, பெரிய கான்கிரீட் பாலத்தை உள்ளே வைத்து, மறுபடி மூடினார்கள். ஊர் மொத்தமும் பண்டிகை விருந்தில் இருந்தபோது, இரவும் பகலும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கால்வாயின் வாசல் திறந்தது. அரை நூற்றாண்டாக ‘ரயில்வே ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்லப்பட்ட இடம் அது.

கால்வாய் வந்ததால் ஊருக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்குப் படகுகளின் எண்ணிக்கையைக் காட்ட முடியாது. கரைப்பாதையைத்தான் காட்ட வேண்டும். ஸ்டோன்ஹவுஸிலிருந்து ஸ்ட்ரௌட்வரை கார்களுக்குப் பயப்படாமல் நடக்கலாம், சைக்கிளில் போகலாம். வேலைக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, நாயோடு வரும் முதியவர் என்று 1901-இன் பேரேட்டில் இடமே இல்லாதவர்கள்தான் இன்றைய பயனாளிகள். எப்லி மில்லில் அலுவலகத்தைச் சூடாக்க, பக்கத்தில் ஓடும் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பம்பைக் கவுன்சில் பொருத்தியிருக்கிறது. இருநூற்றைம்பது வருடம் முன்பு எந்தத் தண்ணீருக்காக ஆலைக்காரர்களும் கால்வாய்க்காரர்களும் சண்டை போட்டார்களோ, அதே பள்ளத்தாக்குத் தண்ணீர் மறுபடி அதே ஆலைக்கு வேலை செய்கிறது.

இப்போது புதிய கவலை ஒன்று. 2024 டிசம்பரில் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுண்டி கவுன்சில், மாவட்டக் கவுன்சில் என்ற இரண்டடுக்கு முறையையே எடுத்துவிட்டுப் பெரிய ஒற்றைக் கவுன்சில்களை அமைக்கப் போவதாகச் சொல்கிறது. க்ளாஸ்டர்ஷயரும் அதில் வருகிறது. அப்படியானால் எப்லி மில்லில் இருக்கும் அந்தச் சிறிய கவுன்சிலே இருக்காது. சட்டப்படி உரிமைகளும் கடன்களும் ஒப்பந்தங்களும் புதிய அமைப்புக்குப் போய்விடும். அதில் சிக்கல் இல்லை. ஆனால் பாதுகாப்புப் பகுதிக் கோப்பில் எந்தப் பாலத்துக்கு எவ்வளவு உயரம் விடச் சொன்னோம், எந்த விவசாயியோடு எந்த வேலி பற்றிப் பேசி முடித்தோம், சனிக்கிழமை காலையில் எந்தத் தன்னார்வலருக்கு போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. புதிய கவுன்சிலின் மேஜை ஒருவேளை வேறு ஊரில் இருக்கும். அந்த ஜன்னலிலிருந்து கால்வாய் தெரியாது. அதற்குள் காணாமல்போன மைலில் தண்ணீர் ஏறிவிட வேண்டும்.